தாயில்லாச் செம்மறிக் குட்டியைப் புட்டிப்பாலில் வளர்ப்பது எப்படி

ஈன்ற ஆடு செத்துப்போனாலும், மடிவீக்கம் வந்து பால் கெட்டாலும், மூன்று குட்டி போட்டு ஒன்றை முட்டித் தள்ளினாலும், மிஞ்சிய குட்டிக்கு முதல் ஆறு மணி நேரம்தான் கெடு. புட்டியும் பாலும் அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாகக் கொடுத்தாலும், அந்த ஆறு மணி நேரத்தில் விட்டதைப் பிடிக்க முடியாது.

முதலில் மூக்கிலும் வாயிலும் இருக்கும் சளியை விரலால் வழித்து எடுங்கள். மூச்சு வரவில்லையென்றால் ஒரு வைக்கோல் துரும்பை மூக்குத் துளைக்குள் லேசாக விட்டால் தும்மும், மூச்சும் வந்துவிடும். பிறகு பழைய சாக்கால் விலாவை அழுத்தித் துடையுங்கள். தாய் நக்கினால் உடம்பு காய்வதோடு குட்டி சுறுசுறுப்பாகவும் ஆகும். அந்த இரண்டு வேலையையும் இப்போது சாக்குதான் செய்ய வேண்டும். தொப்புள் கொடி நீளமாக இருந்தால் வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, நூலால் கட்டி, நறுக்கிவிடுங்கள். நுனியை மட்டும் தொட்டு வைத்தால் போதாது. ஒரு சின்ன மூடியில் டிஞ்சர் அயோடின் ஊற்றி, கொடி முழுவதும் மூழ்கும்படி வயிற்றோடு ஒட்டிப் பிடியுங்கள். இதை விட்டால் பத்துப் பதினைந்து நாளில் முழங்கால் வீங்கி நொண்டும். பிறந்தபோது தொப்புள் வழியாகப் போன கிருமிதான் அது.

அடுத்தது சீம்பால். செம்மறிக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கர்ப்பத்தில் வைத்துக் குட்டிக்குப் போவதில்லை. முழுதும் சீம்பால் வழியாகத்தான் போகிறது. அதைக் குடல் அப்படியே உறிஞ்சுவதும் முதல் சில மணி நேரம்தான். போகப் போகக் குறைந்து ஒரு நாளில் அடைத்துக்கொள்ளும். கணக்கு இது: குட்டியின் எடையில் கிலோவுக்கு 50 மி.லி. முதல் இரண்டு மணி நேரத்துக்குள், 24 மணி நேரத்தில் மொத்தம் கிலோவுக்கு 200 மி.லி. இரண்டரைக் கிலோ குட்டிக்கு ஒரு வேளைக்கு 125 மி.லி., நாள் முழுவதற்கும் அரை லிட்டர். தாய் செத்த சற்று நேரத்துக்குள் என்றால் அதன் மடியிலிருந்தே பீச்சி எடுக்கலாம். இல்லாவிட்டால் அன்றைக்கு ஈன்ற வேறு செம்மறியோ வெள்ளாடோ, அதுவும் இல்லையென்றால் பசுவின் சீம்பால். வீட்டில் மாடு ஈன்றால் எல்லாவற்றையும் கடும்பு காய்ச்சித் தின்றுவிடாமல், 100 மி.லி. பைகளாக உறைபெட்டியில் போட்டு வைப்பது ஆடு வைத்திருப்பவருக்கு நல்ல பழக்கம். எடுத்துக் கொடுக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து இளக்குங்கள். அடுப்பில் காய்ச்சினால் எதிர்ப்புச் சக்தி அழிந்து வெறும் பாலாகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிறந்த குட்டி என்றால் பாலுக்கு முன் உடம்புச் சூட்டைப் பாருங்கள். மருந்துக் கடை தெர்மாமீட்டரில் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்தால் 39 முதல் 40 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். 37-க்குக் கீழே போன குட்டிக்கு வாயில் பால் ஊற்றாதீர்கள், விழுங்கத் தெரியாமல் நுரையீரலுக்குப் போய்விடும். பிறந்து ஐந்து மணி நேரம் ஆகவில்லையென்றால் துடைத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டிகளுக்கு நடுவில் வைத்து, சூடு ஏறிய பிறகு சீம்பால் கொடுக்கலாம். ஐந்து மணி நேரம் தாண்டித் தலை தொங்கிப் போயிருந்தால் சூடேற்றுவதற்கு முன் மருத்துவர் குளுக்கோஸ் ஊசி போட வேண்டும். அதற்குள் உடம்பில் இருந்த கொழுப்பு தீர்ந்திருக்கும். அந்த நிலையில் வெறுமனே சூடேற்றினால் சர்க்கரை போதாமல் வலிப்பு வந்து சாகும். ஓடி ஓடிக் கணப்பு மூட்டியும் குட்டி செத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962-ஐ அழைக்கலாம்.

குட்டி தேறியதும், புட்டி வாங்க ஓடுவதற்கு முன், ஏற்கிற மடி இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைக் குட்டி போட்ட ஆடு, குட்டி செத்த ஆடு இரண்டும் தோது. ஆடு தன் குட்டியை வாடையால்தான் அறியும், அதிலும் வாலடி வாடையால். ஈனும் நேரமென்றால் அதன் பனிக்குட நீரை இந்தக் குட்டியின் தலை, முதுகு, வால் எங்கும் பூசிவிடுங்கள். நேரம் தவறியிருந்தால் ஒரு மூலையில் படல் அடைத்து ஆட்டைக் குட்டையாகக் கட்டி, நாளுக்கு ஐந்தாறு தடவை பிடித்து ஊட்ட விடுங்கள். அந்த ஆட்டின் பால் குட்டியின் வயிற்றில் போய்ச் சாணமாக வெளியேறத் தொடங்கினால் வாலடியில் அதன் வாடையே வரும். மூன்று நாலு நாளில் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும். ஒரு வாரமாகியும் முட்டினால் விட்டுவிடுங்கள். விலா எலும்பு போய்விடும்.

இனி புட்டி. 250 மி.லி. குளிர்பானப் புட்டியில் குழந்தைகளுக்கான ரப்பர் காம்பு போதும். கவிழ்த்துப் பிடித்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். தாரையாக ஒழுகினால் துளை பெரிது, காம்பை மாற்றுங்கள். குட்டி நான்கு காலில் நிற்க வேண்டும். கைக்குழந்தை மாதிரி மடியில் மல்லாத்திப் பால் கொடுப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. நின்றபடி கழுத்தைச் சற்று நீட்டி உறிஞ்சும்போதுதான் உணவுக்குழலின் கீழ் முனையில் உள்ள பள்ளம் குழாய் மாதிரி மூடி, பால் முதல் இரைப்பையைத் தாண்டி நேராக நான்காம் இரைப்பைக்குப் போகும். புட்டியைத் தாய்மடி உயரத்தில், அதாவது குட்டியின் கண் மட்டத்துக்குச் சற்று மேலே பிடியுங்கள். உங்கள் இடது கை தாடைக்கு அடியில் இருந்தால் ஒவ்வொரு மிடறும் தொண்டையில் ஏறி இறங்குவது விரலுக்குத் தெரியும். வால் படபடவென்று ஆடும். வால் நின்று, மூக்கில் பால் நுரைத்தால் உடனே புட்டியை எடுத்துவிட்டுத் தலையைத் தாழ்த்துங்கள்.

வெள்ளாட்டுப் பால் நல்லது, கிடைக்காவிட்டால் பசும்பால். செம்மறிப் பாலில் 6 முதல் 7 சதவீதம் கொழுப்பு, பசும்பாலில் நாலுக்குப் பக்கம். அதனால் தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது. சர்க்கரையும் வேண்டாம், குட்டிக்கு அதைச் செரிக்கும் சக்தி இல்லை, கழிச்சல்தான் மிஞ்சும். முதல் வாரம் எடையில் 15 முதல் 20 சதவீதப் பாலை ஐந்து வேளையாகப் பிரியுங்கள். இரண்டரைக் கிலோ குட்டிக்கு வேளைக்கு 75 முதல் 100 மி.லி. இரண்டாம் வாரம் நாலு வேளை, மூன்றாம், நான்காம் வாரம் மூன்று வேளை, அதற்குப் பின் இரண்டு. சூடு கையில் ஊற்றினால் சுடாமல் இதமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு வேளையும் அதே சூடு.

போதுமா என்று குட்டியின் கத்தலை வைத்து முடிவு செய்யாதீர்கள். புட்டியைப் பார்த்தால் எந்தக் குட்டியும் கத்தும். குடித்தபின் மேலிருந்து பாருங்கள்: விலாவும் இடுப்பும் நேர்கோட்டில் இருந்தால் சரி, வயிறு வெளியே பிதுங்கினால் அடுத்த வேளை குறையுங்கள். இரவுத் தூக்கத்துக்காக இரண்டு வேளைப் பாலை ஒன்றாகக் கொடுத்தால் விடியலில் வயிறு தம்பட்டமாக உப்பிக் கிடக்கும். கழிச்சல் கண்டால் மருந்துக் கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பால் வேளைகளுக்கு நடுவே தனியாகக் கொடுங்கள், பாலில் கலக்காதீர்கள். ரத்தம் கலந்தாலோ எழாமல் படுத்தாலோ கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். முதல் வாரத்து மஞ்சள் சாணம் பிசின் மாதிரி வாலடியில் காய்ந்து அடைத்துக்கொள்ளும், குட்டி முக்கும். பிய்த்து இழுக்காமல் வெந்நீர்த் துணியால் ஊறவைத்துக் கழுவுங்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்து அகத்தி, வேலிமசால் கொத்தை முகத்துக்கு எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள், பக்கத்தில் நல்ல தண்ணீர். முதல் இரைப்பை வளர்வது பாலால் அல்ல, இந்தத் தழையால்தான். அடர்தீவனம் ஒரு பிடி போதும். மாட்டுக்கான தாது உப்பைக் கலக்காதீர்கள், அதில் உள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்து கொல்லும். பால் நிறுத்துவது 90 நாள் வாக்கில், அதுவும் ஒரு வாரமாகக் குறைத்து. துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய்களுக்கான தடுப்பூசிகளும் குடற்புழு மருந்தும் எந்த வயதில் என்பதை உங்கள் ஊர் மருந்தகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிடாக் குட்டியென்றால் ஒன்று. நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளி விளையாடாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். பாலுக்காக ஆளோடு வளர்ந்த கிடாவுக்கு மனிதர் மேல் பயமில்லை. ஒரு வயதில் அதே விளையாட்டைப் பத்தடி பின்வாங்கி ஓடி வந்து முழங்காலில் காட்டும். மூன்றாம் வாரத்திலேயே மற்றக் குட்டிகளோடு பட்டியில் விட்டு, பால் வேளைக்கு மட்டும் வெளியே கூப்பிடுங்கள்.