வாடகை வீட்டுச் சமையலறையில் ஏறிக் கிடக்கும் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது எப்படி?

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வாடகைக்கு வீடு பிடித்து உள்ளே நுழைந்ததும் பலரும் முகம் சுளிப்பது சமையலறையில்தான். அடுப்புக்குப் பின்னால் இருக்கும் டைல்ஸில் நகத்தை வைத்து இழுத்தால் பழுப்பாக மெழுகு போலச் சுருண்டு வரும். மேடையும் சுவரும் சேரும் இடுக்கில், முன்பு குடியிருந்தவர்கள் தாளித்த கடுகும் உளுத்தம்பருப்பும் பிசுக்கோடு ஒட்டிக் கிடக்கும். இதைப் பார்த்ததும் கம்பி நாரை எடுத்துத் தேய்க்க உட்காராதீர்கள். கை வலிக்கும், டைல்ஸில் கீறல் விழும், பிசுக்கு அப்படியே இருக்கும்.

புதிதாகத் தெறித்த எண்ணெய் சோப்புக்குப் போய்விடும். பல மாதமாகச் சூடும் காற்றும் பட்ட எண்ணெய் அப்படியில்லை. அது ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகி, எண்ணெயாகவே இல்லாமல் ஒட்டும் படலமாக மாறியிருக்கும். அதை இளக்க மூன்று வேண்டும்: காரம் (நாக்கு எரியும் காரமல்ல, அமிலத்துக்கு நேர் எதிரானது), சூடு, ஊறும் நேரம். இந்த மூன்றும் சரியாக அமைந்தால் தேய்ப்பது கடைசி வேலை, அதுவும் கொஞ்சம்தான்.

காரத்துக்கு மளிகைக் கடையில் கிடைக்கும் சலவைச் சோடா போதும். ஆப்பச் சோடா வேறு, இது வேறு. ஆப்பச் சோடாவின் காரம் ரொம்பக் குறைவு, பழைய பிசுக்கை அசைக்காது. அதில் வினிகரை ஊற்றி நுரை பொங்கவிடுவதைப் பலர் செய்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது உப்புத் தண்ணீர்தான். காஸ்டிக் சோடா பக்கம் போகவே வேண்டாம். கண்ணில் ஒரு சொட்டு தெறித்தாலே பார்வைக்கு ஆபத்து.

அளவு இதுதான்: நன்றாகக் கொதித்து, கை பொறுக்கும் அளவுக்குச் சற்று ஆறிய 1 லிட்டர் தண்ணீருக்கு 3 மேசைக்கரண்டி சலவைச் சோடாத்தூள், 1 தேக்கரண்டி பாத்திரம் கழுவும் லிக்விட். சோடா தூளாக இல்லாமல் கட்டிக் கட்டியாக இருந்தால் அதில் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டு மடங்கு போடுங்கள்.

இங்கே தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் போர் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது. தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் பிரிந்து பிசுக்கின் மேலேயே படியும். எவ்வளவு கழுவினாலும் சாம்பல் நிறப் படலம் போகவில்லை என்று பலர் அலுத்துக்கொள்வது இதனால்தான். போர் தண்ணீர் என்றால் முதலில் சோடாவை மட்டும், 1 மேசைக்கரண்டி கூடுதலாகப் போட்டுக் கலக்கி, 15 நிமிடம் விடுங்கள். தண்ணீர் வெளுத்து, அடியில் மாவு போல ஏதோ தங்கும். அது பிரிந்த சுண்ணாம்பு. மேல் தண்ணீரை மட்டும் இறுத்து, திரும்பச் சூடாக்கி, அதில் லிக்விட்டைச் சேருங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீடாக இருந்தால் கடைசித் துடைப்புக்கு அதில் ஒரு குடம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் காய்ந்தால் டைல்ஸில் வெள்ளைத் திட்டு நிற்கும்.

தொடங்கும் முன் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள், சமையலறைக்குப் போகும் எம்.சி.பி.யை (மெயின் போர்டில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்குங்கள். ரப்பர் கையுறையின் மணிக்கட்டு விளிம்பை வெளிப்பக்கமாக ஒரு மடிப்பு மடித்து விடுங்கள். கையை மேலே தூக்கித் துடைக்கும்போது வழியும் சோடாத் தண்ணீர் முழங்கைக்கு ஓடாமல் அந்த மடிப்பில் நிற்கும். கண்ணாடி அணியாதவர்களும் மேல் சுவர் வேலைக்கு ஏதாவது ஒரு கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

முதலில் ஈரமில்லாமல் எடுக்க முடிந்ததை எடுத்துவிடுங்கள். தடித்த பிசுக்கின் மேல் அரப்புத்தூளோ அடுப்புச் சாம்பலோ தூவி 10 நிமிடம் விட்டு, மர தோசைத் திருப்பியாலோ பழைய ஏ.டி.எம். கார்டாலோ சுரண்டி, செய்தித்தாளில் மடித்துக் குப்பையில் போடுங்கள். சிங்கில் தள்ளினால் குழாய் வளைவில் போய் இறுகி அடைத்துக்கொள்ளும். வாடகை வீட்டில் அந்த அடைப்புச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்து டைல்ஸ். பழைய பருத்தித் துணியைச் சோடாத் தண்ணீரில் நனைத்து, லேசாகப் பிழிந்து, டைல்ஸ் மேல் அப்படியே ஒட்ட வையுங்கள். செங்குத்துச் சுவரில் தண்ணீரைத் தெளித்தால் ஒரு நிமிடத்தில் வழிந்து போய்விடும். துணி இருந்தால் காரம் அங்கேயே நிற்கும். 15 முதல் 20 நிமிடம். நடுவில் காயவிடக் கூடாது, காய்ந்தால் கரைந்த பிசுக்கு மறுபடி ஒட்டிக்கொள்ளும். துணியை எடுத்ததும் தேங்காய் நாரால் தேய்த்தால் பழுப்புக் குழம்பாக வரும். சோடாத் தண்ணீர் பூசும்போது கீழிருந்து மேலாகப் போங்கள். மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் காய்ந்த அழுக்கில் கோடு போட்டு, அந்தக் கோடு பிறகு போகவே போகாது. கழுவி விடுவது மட்டும் மேலிருந்து கீழ். மார்கழி, தை மாதங்களில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் காலைக் குளிரில் பிசுக்கு கெட்டியாக இருக்கும், தண்ணீரும் உடனே ஆறிவிடும். மதியம் செய்யுங்கள்.

மேடைக் கல் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிரானைட் என்றால் கவலையில்லை. கடப்பாக்கல் சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சை, வினிகர், பாத்ரூம் ஆசிட் எது பட்டாலும் மங்கிவிடும். சந்தேகமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள், அந்த இடம் மங்கினால் கடப்பாக்கல். பிசுக்குக்கு ஆசிட் எந்த வேலையும் செய்யாது; டைல்ஸ் இடுக்குச் சிமென்ட்டைத்தான் அரிக்கும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து.

அலுமினியம் எதையும் சோடாவில் போடாதீர்கள், கறுத்து அரிபடும். அடுப்பில் காஸும் காற்றும் கலக்கும் குழாயும் சில எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கைகளும் அலுமினியம்தான். அவற்றுக்கு வெந்நீரும் லிக்விட்டும், கொஞ்சம் கூடுதல் நேரமும் கொடுங்கள். பித்தளை பர்னரைச் சோடாத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, துளைகளை ஊக்கால் ஒவ்வொன்றாகக் குத்தி, வெயிலில் முழுக்கக் காயவைத்துப் பொருத்துங்கள். ஈரம் இருந்தால் தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தைக் கரியாக்கும். ஃபேன் மோட்டாரில் தண்ணீர் படவே கூடாது. சுவிட்ச் போர்டுக்கு ஒட்டப் பிழிந்த துணி மட்டும்.

பிளாஸ்டிக் டப்பா, சுவிட்ச் மூடி போன்றவற்றில் பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சினால் தேங்காய் எண்ணெய் தடவி 10 நிமிடம் விட்டு, பிறகு லிக்விட் போட்டுக் கழுவுங்கள். புது எண்ணெய் பழையதை இளக்கிவிடும்.

டைல்ஸுக்கு மேலே உள்ள சுவர்தான் சிக்கல். எனாமல் பெயின்ட் என்றால் சோடாவைப் பாதியாகக் குறைத்து, 2 நிமிடத்துக்குள் துடைத்துவிடலாம். டிஸ்டெம்பர், வெள்ளையடித்த சுவர் என்றால் ஈரத் துணியிலேயே நிறம் கழன்று வரும். அங்கே பிசுக்கைச் சுரண்டுவதோடு நிறுத்துங்கள். அதன் மேலேயே வெள்ளையடித்தால் சில வாரத்தில் மஞ்சள் கறை வெளியே வரும். ஆயில் பிரைமர் அடித்த பிறகே பெயின்ட் நிற்கும். அந்தச் செலவு யாருடையது என்று வீட்டுக்காரரிடம் குடிபோகும் முன்பே பேசி, சுத்தம் செய்வதற்கு முந்தைய நிலையைத் தேதியோடு போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிக்கும் பேச்சு வந்தால் அந்தப் போட்டோ கை கொடுக்கும்.

எல்லாம் காய்ந்த பிறகு அடுப்பைப் பற்றவைக்கும் முன், ரெகுலேட்டரைத் திறந்து, டியூப்பின் இரண்டு முனைகளிலும் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் உடனே மூடி, ஜன்னல்களைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்குக் கூப்பிடுங்கள்.