ஆமையும் கழுதையும்: 1837 செப்பு டோக்கன்களைச் சேர்க்கும் முறை

ஆரம்பகால அமெரிக்க அரசியல் டோக்கன்களில் இறங்க நினைத்தால் 1837-இலிருந்து தொடங்குங்கள். அந்த மே மாதம் நியூயார்க் வங்கிகள் நோட்டுக்கு ஈடாகத் தங்கமும் வெள்ளியும் தருவதை நிறுத்தின. சில்லறை பதுங்கியது. தனியார் அடித்த செப்பு வில்லைகள், அதாவது டோக்கன்கள், சென்ட்டாகப் புழங்கின. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனையும் அவருக்குப் பின் அதிபரான வான் பியூரனையும் கேலி செய்பவை அவற்றில் பல.

1. முதலில் ஆமை டோக்கனை வாங்குங்கள். பணப்பெட்டியைச் சுமக்கும் ஆமை ஒரு பக்கம், கழுதை மறுபக்கம். எளிதில் கிடைக்கும். அரியவற்றுக்கு அவசரம் வேண்டாம்.

2. இரண்டு பக்கமும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். லிபர்ட்டி தலை, இலை வளையம், நடுவில் ‘ஒன் சென்ட்’. பழைய பெரிய சென்ட் (அன்றைய அரசுச் செப்பு நாணயம்) என்றே நம்பிக் காசைக் கொடுத்தேன். வீட்டில் லென்ஸ் வைத்தால், மேலே பொடியாக ஒரு ‘நாட்’ (இல்லை)! ‘பாதுகாப்புக்குக் கோடிகள், கப்பத்துக்கு ஒரு சென்ட்டும் இல்லை’ என்ற பழைய முழக்கத்தின் நடுத்துண்டு அது. பார்வைக்குச் சென்ட், படித்தால் சென்ட் இல்லை. கள்ள நாணயம் என்ற வழக்கிலிருந்து தப்ப நல்ல உபாயம். சுற்றிலும் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா’ இருக்கிறதா என்று பாருங்கள். அசல் சென்ட்டில் இருக்கும், இதில் இருக்காது.

கப்பல் டோக்கனில் ஒரு பக்கம் 1837, மறுபக்கம் 1841. போலி என்று பயந்துவிடாதீர்கள். உடைந்த கப்பல் வான் பியூரன் கொள்கை, முழுக்கப்பல் அவரை எதிர்த்த அரசியல்வாதி டேனியல் வெப்ஸ்டரின் கொள்கை.

3. எடை, விளிம்பு. அசல் சென்ட் 10.89 கிராம், டோக்கன்கள் கூடக்குறைய இருக்கும், எடையை மட்டும் நம்பாதீர்கள். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தால் வார்ப்புப் போலி. காந்தம் ஒட்டினால் பேச்சே இல்லை. பத்து மடங்கு லென்ஸ் போதும். யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் வீண் செலவு.

4. லோ எண் அல்லது ஹெச்டி எண்ணைக் கண்டுபிடியுங்கள். டோக்கன் வகைகளுக்குப் பட்டியல் நூல்கள் தரும் எண்கள் இவை. ஒரே படம், வேறு அச்சு என்றால் எண் மாறும், விலையும் மாறும்.

5. தேய்க்காதீர்கள். நம் வீட்டுச் செம்புக் குடம் என்று நினைத்துப் புளி போட்டால் பளபளக்கும், மதிப்பு போய்விடும்.

பிற்சேர்க்கை: பிளாஸ்டிக் உறையில் வைத்த டோக்கனில் பச்சைப் பிசுக்கு படிந்ததாக இருவர் கேட்டிருந்தார்கள். அது பிவிசி உறையின் வேலை. சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து, துடைக்காமல் உலரவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவர் சரிப்படாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அப்புறம் பிவிசி கலக்காத மைலார் உறைக்கு மாற்றிவிடுங்கள்.