வீட்டிலுள்ள கம்பிகள் வழியே அறைக்கு அறை படமும் ஒலியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் அறையில் இருக்கும் செட்டாப் பாக்ஸிலிருந்தோ சேமிப்புக் கணினியிலிருந்தோ இன்னோர் அறையின் தொலைக்காட்சிக்குப் படத்தைக் கொண்டுசெல்வதற்காகச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. மின்கம்பி, ஆன்டெனாவுக்காகப் போட்ட கோஆக்சியல் கேபிள், தொலைபேசிக் கம்பி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே சுவருக்குள் இருக்கிறது. ஆனால் இவற்றில் எதுவும் இந்த வேலைக்காகப் போடப்பட்டதல்ல. அதை மறந்து கருவி வாங்கும்போதுதான் தவறுகள் தொடங்குகின்றன.

முதல் தவறு, மின்கம்பி வழியே தரவை அனுப்பும் பவர்லைன் அடாப்டரின் பெட்டியில் 600, 1200, 2000 என்று அச்சிட்டிருக்கும் மெகாபிட் எண்ணை அப்படியே நம்புவது. அது இரண்டு அடாப்டர்கள் கம்பியின் மீது தமக்குள் எட்டக்கூடிய உச்ச வேகத்தைக் கணக்கில் காட்டும் எண்ணே தவிர, தொலைக்காட்சிக்கு வந்து சேரும் வேகம் அன்று. அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்ல கம்பி என்று கொள்ளலாம். போவதும் வருவதும் ஒரே கம்பியை மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. மூன்றாவது அடாப்டரைச் செருகினால் அதுவும் அதே வேகத்தில்தான் பங்கு கேட்கும். 500 அல்லது 600 என்று விற்கப்பட்ட சில அடாப்டர்களில் நெட்வொர்க் கேபிள் செருகும் துளையே 100 மெகாபிட்டுக்கு மேல் கடத்தாது என்பதையும் வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே சமயம், தேவை எவ்வளவு என்று கணக்கிட்டால் பதற்றம் குறையும். குறுந்தகட்டுத் தரமுள்ள ஒலிக்கு வினாடிக்கு 1.4 மெகாபிட் போதும். இணையத்தில் வரும் 4கே படத்துக்குப் பொதுவாக 15 முதல் 25 மெகாபிட் வேண்டும். 4கே அல்லாத சாதாரணப் புளூரே தட்டின் படமும் ஒலியும் சேர்ந்து 48 மெகாபிட்டைத் தாண்டுவதில்லை. ஆகவே, ஒரு நொடி 300 மெகாபிட் தந்துவிட்டு மறுநொடி 10க்கு விழும் இணைப்பைவிட, எப்போதும் 60 மெகாபிட் தரும் இணைப்பே படம் பார்ப்பவருக்கு நல்லது.

அந்த நிலைத்தன்மையைக் கெடுப்பதில் நம் கைவேலையே அதிகம். பவர்லைன் தர முறைகளில் ஒன்றான ஹோம்பிளக் ஏவி வகை அடாப்டர்கள் ஏறத்தாழ 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் பேசுகின்றன. மின்னெழுச்சித் தடுப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் யுபிஎஸ்ஸிலும் இருக்கும் வடிகட்டி, அதே அலைவரிசையை இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிடும். அதனால் அடாப்டரை எப்போதும் சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டிலேயே நேரடியாகச் செருக வேண்டும். மாறாக, கைபேசி சார்ஜர், எல்இடி விளக்கின் டிம்மர், மோட்டார் உள்ள கருவிகள் போன்று இரைச்சலைக் கம்பியில் ஏற்றுபவற்றை அந்த வடிகட்டி உள்ள பாக்ஸில் மாட்டினால், முன்பு தடையாக இருந்த அதே வடிகட்டி இப்போது காவலாகிவிடும். மூன்று முள் பிளக் உள்ள புதிய அடாப்டர்கள் எர்த் கம்பியையும் இரண்டாவது பாதையாகப் பயன்படுத்துவதால், இரண்டு முள் மாற்றியைப் போட்டுச் செருகுவது அந்தப் பயனை இழக்கச் செய்யும். பாதுகாப்புக்கும் அது நல்லதல்ல.

தூரத்தைச் சுவரால் அளப்பதும் தவறு. பக்கத்து அறைதானே என்று நினைக்கிறோம். ஆனால் இரண்டு அறைகளும் தனித்தனிச் சுற்றுகளில் இருந்தால், சிக்னல் மின்பகிர்வுப் பலகை வரை போய்த் திரும்பித்தான் வர வேண்டும். அவை வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் இன்னும் நலிந்துவிடும். முதலில் இரண்டு அடாப்டர்களையும் ஒரே அறையில் அடுத்தடுத்த பாயின்ட்டுகளில் செருகி வேகத்தை அளந்து, பிறகு ஒன்றை உரிய அறைக்கு எடுத்துச் சென்று அளந்தால், குறை கருவியிலா கம்பியிலா என்பது தெரிந்துவிடும். அந்தச் சோதனையையும் வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில் அல்லாமல், எல்லாக் கருவிகளும் ஓடும் மாலை நேரத்தில் செய்ய வேண்டும்.

பழைய அடாப்டர் ஒன்று இருக்கிறதே என்று புதியதோடு சேர்ப்பதும் பலிக்காது. 2001இல் வந்த முதல் ஹோம்பிளக், பின்னர் வந்த ஹோம்பிளக் ஏவியோடு பேசாது, ஜி.எச்என் என்ற வேறொரு தர முறை இவ்விரண்டோடும் பேசாது என்பதோடு, ஒரே கம்பியில் இருந்தால் ஒன்றுக்கொன்று இடையூறாகவும் ஆகலாம். சிக்னல் மின்மீட்டரோடு நின்றுவிடும் என்றும் நம்ப வேண்டாம்; அது பக்கத்து வீட்டுக்கும் எட்டலாம். ஆகவே இணைப்புப் பொத்தானை அழுத்தி, தரவைப் பூட்டுவதற்காகத் தொழிற்சாலையில் இட்ட பொதுச் சாவியை மாற்றிவிட வேண்டும்.

என் கருத்தில், கோஆக்சியல் கேபிள் இருக்கும் வீட்டில் மின்கம்பியைத் தேர்ந்தெடுப்பதே ஒரு தவறுதான், ஏனெனில் உறையிட்ட கேபிளில் வெளி இரைச்சல் எளிதில் புகாது. அங்கே கவனிக்க வேண்டியது, ஒரு கேபிளைப் பல கிளைகளாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர். கோஆக்சியல் கேபிள் வழியே தரவை அனுப்பும் மோக்கா அடாப்டர்கள் பெரும்பாலும் 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகின்றன. பழைய ஸ்பிளிட்டர்களோ 1000 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுபவை. செயற்கைக்கோள் டிஷ்ஷிலிருந்து வரும் சிக்னல் 950 முதல் 2150 வரை இருப்பதால், அதே கேபிளில் இரண்டையும் விட்டால் மோதிக்கொள்ளும். பயன்படாத முனைகளை 75 ஓம் மூடியால் அடைப்பதும், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மோக்காவுக்கான வடிகட்டியைப் பொருத்துவதும் சிறு வேலைகள், பலன் பெரிது.

எச்டிஎம்ஐ சிக்னலை அப்படியே மின்கம்பியில் அனுப்பலாம் என்று எண்ணுவோரும் உண்டு. முழு உயர்தரப் படத்துக்கே அது வினாடிக்கு ஏறத்தாழ 4.5 கிகாபிட் கேட்கும். எனவே அத்தகைய கருவிகள் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகின்றன. சுருக்கி விரிக்கும் நேரம் தாமதமாகிறது. படம் பார்க்கும்போது அது தெரியாது, வீடியோ கேம் ஆடும்போது தெரியும். படத்தைக் கம்பியிலும் ஒலியைப் புளூடூத்திலும் பிரித்து அனுப்பினால் உதட்டசைவும் பேச்சும் பிரிந்துபோகும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் அனுப்ப வேண்டும்.

ஒலிபெருக்கிக் கம்பியை மின்கம்பி ஓடும் குழாய்க்குள்ளேயே இழுத்துவிடுவது, காப்புறை சேதமானால் உயிருக்கே ஆபத்தாகும். இரண்டு அறைகளின் கருவிகளை ஒலிக்கம்பியால் இணைத்ததும் அடிநாதமாக ஓர் உறுமல் கேட்டால், எர்த் இணைப்பு இரண்டு இடங்களில் சுழல்கிறது என்று பொருள். அதற்காக எர்த் முள்ளை ஒருபோதும் ஒடிக்கக் கூடாது. ஒலியை ஒளியிழைக் கேபிளுக்கு மாற்றினால், அதில் மின்தொடர்பே இல்லாததால் அந்தக் கம்பி வழியே சுழல் உண்டாகாது.