எகானமி சீட்டில் நீண்ட பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிக்கெட் எடுக்கும்போது விலையைப் பார்க்கிறோம், எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று பார்க்கிறோம். கால் வைக்கும் இடத்தைப் பற்றிய நினைப்பு, சீட்டில் உட்கார்ந்து முட்டி முன்சீட்டில் இடித்த பிறகுதான் வருகிறது. அதற்குள் செய்திருக்க வேண்டியதில் பாதி கைவிட்டுப் போயிருக்கும்.

எகானமி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது முதல் தவறு. ஒரு சீட்டுக்கும் அதன் முன்னாலிருக்கும் சீட்டுக்கும் உள்ள தூரத்தை சீட் பிட்ச் என்பார்கள். குறைந்த கட்டண விமானங்களில் இது 28, 29 அங்குலமாக இருக்கும். நெடுந்தூரம் போகும் பெரிய விமானங்களில் பெரும்பாலும் 31, 32. மூன்று அங்குலம்தானே என்று தோன்றும், ஆனால் முட்டி இடிப்பதும் இடிக்காததும் அந்த மூன்று அங்குலத்தில்தான் இருக்கிறது. அகலமும் மாறும். வரிசைக்குப் பத்துப் பேர் உட்காரும் போயிங் 777இல் சீட் சுமார் 17 அங்குலம். ஏர்பஸ் ஏ380இன் கீழ்த்தளத்தில் அதே பத்துப் பேருக்குத் தலைக்குச் சுமார் 18. எந்த வகை விமானம் என்பது டிக்கெட் எடுக்கும் இடத்திலேயே போட்டிருக்கும். விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம், கூடுதல் பணம் கட்டி முதல் வரிசையை எடுப்பவர்கள். முன்னால் சுவர்தான், யாரும் சீட்டைச் சாய்க்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே சாப்பாட்டுப் பலகை கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும். அதனால் கைப்பிடியைத் தூக்க முடியாது, உட்காரும் அகலமும் கொஞ்சம் குறையும். குழந்தைத் தொட்டில் மாட்டுவதும் பெரும்பாலும் அந்தச் சுவரில்தான். எமர்ஜென்சி எக்ஸிட் வரிசையில் கால் நீட்ட நிஜமாகவே இடம் உண்டு. அவசரத்தில் கதவைத் திறந்து உதவ முடிகிறவர்களுக்கு மட்டுமே அதைத் தருவார்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் கிடையாது, வயதான பெற்றோருக்கு எடுத்தாலும் ஏறியபின் மாற்றி உட்கார வைத்துவிடலாம். அடுத்தடுத்து இரண்டு எக்ஸிட் வரிசைகள் இருந்தால், முன்வரிசை சீட் பெரும்பாலும் சாயாது. கணவன் மனைவி இருவராகப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல இடம் சொல்கிறேன்: 777இன் வால்பகுதியில் விமானம் ஒடுங்கும். அங்கே சில வரிசைகளில் ஜன்னல் ஓரம் மூன்றுக்குப் பதில் இரண்டே சீட், ஜன்னலுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளியும் இருக்கும்.

சரி, சீட் கிடைத்தாயிற்று. இருக்கிற இடத்தையும் அடைத்துக்கொள்வது நாமேதான். முதுகுப்பையை முன்சீட்டுக்கு அடியில் தள்ளினால் பாதம் வைக்கும் இடம் போய்விடும். மருந்து, கண்ணாடி, சார்ஜர், ஒரு சால்வை ஆகியவற்றைச் சின்னத் துணிப்பையில் எடுத்துக்கொண்டு மற்றதை மேலே வைத்துவிடுங்கள். முன்சீட்டுப் பையில் தண்ணீர் பாட்டிலைச் செருகினால் அது நேராக முட்டியில் வந்து நிற்கும்.

குள்ளமாக இருப்பவர்கள் இது நமக்கில்லை என்று நினைக்கிறார்கள். அவர்களுக்கு வேறு சிக்கல். பாதம் தரையில் சரியாகப் பதியாது, சீட்டின் விளிம்பு தொடையின் பின்பக்கத்தை மணிக்கணக்காக அழுத்தும். நம் அம்மாக்கள் பலருக்கும் நடப்பது இதுதான். அவர்களுக்கு மட்டும் சின்னப் பையைக் காலடியில் வைத்து அதன்மேல் பாதத்தை ஊன்றச் சொல்லுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, அசையாமல் உட்கார்ந்திருப்பது. கெண்டைக்கால் சதை ஒரு கைப்பம்பு மாதிரி; அது சுருங்கி விரியும்போதுதான் காலில் இருக்கும் ரத்தம் மேலே ஏறுகிறது. மணிக்கணக்கில் அது சும்மா இருந்தால் ரத்தம் தேங்கி, சிலருக்குக் காலின் உள்ளே ஆழமாக ஓடும் ரத்தக் குழாயில் உறைந்து கட்டியாகிவிடும். 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. அப்போதும் ஏறத்தாழ 6000 பேரில் ஒருவருக்குத்தான், ஆரோக்கியமானவர்கள் பயப்பட வேண்டியதில்லை. முன்பு ரத்தக்கட்டி வந்தவர்கள், சமீபத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகும் பெற்றோர்தான் இதில் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். வேடிக்கை பார்க்கட்டும் என்று பிள்ளைகள் ஆசையாக ஜன்னல் சீட் போட்டுக் கொடுப்பார்கள். பக்கத்தில் இரண்டு பேர் தூங்குவார்கள். அவர்களை எழுப்பக் கூச்சம். பாத்ரூம் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். இப்படியே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓடிவிடும். தயவுசெய்து அவர்களுக்கு நடைவழி ஓர சீட் எடுங்கள். ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்று எழுப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். பல விமானங்களில் நடைவழிப் பக்கக் கைப்பிடியின் அடியில், முதுகுப்பக்க மூட்டுக்கு அருகே ஒரு சின்னப் பொத்தான் விரலில் தட்டுப்படும். அதை அழுத்திக்கொண்டு தூக்கினால் கைப்பிடி மேலே போய்விடும்; முட்டிவலி உள்ளவர்கள் பக்கவாட்டில் திரும்பி எழுந்துகொள்ளலாம்.

உட்கார்ந்தபடியே காலை அசைக்கவும் வழி உண்டு. குதிகாலை ஊன்றி விரல்களை மேலே தூக்குங்கள், பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். கெண்டைக்கால் இறுகுவது தெரிய வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை இருபது தடவை போதும். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டால் கோணலாக மடங்கிய காலைக்கூட உணராமல் தூங்கிவிடுவோம், அது வேண்டாம். அழுத்தக் காலுறை உதவும். வாங்கும்போது அளவெடுத்து வாங்குங்கள், கால் வீங்குவதற்கு முன்பே போடுங்கள். மேல்விளிம்பை மடித்துவிட்டால் அந்த இடமே காலை இறுக்கிப் பிடிக்கும். காலில் ரத்த ஓட்டக் குறைபாடு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

சீட் சாய்ப்பதில் சண்டை வேண்டாம். முன்சீட் சாயாதபடி பூட்டும் ஒரு கருவியால் வந்த தகராறில், 2014இல் நியூவார்க்கிலிருந்து டென்வர் போன விமானத்தை சிகாகோவில் இறக்கினார்கள். சாய்க்கும் முன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள், சாப்பாட்டு நேரத்தில் நிமிர்த்திவிடுங்கள். பின்னால் இருப்பவராக இருந்தால் வாய்விட்டுக் கேளுங்கள்; பெரும்பாலானவர்கள் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வார்கள்.

இறங்கியபின் இரண்டு காலும் லேசாக வீங்கியிருந்து, நடந்தால் ஓரிரு நாளில் வடிந்துவிட்டால் கவலையில்லை. ஒரே காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் வலி, சூடு, சிவப்பு இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஊர் வந்து சில வாரம் கழித்தும் ரத்தக்கட்டி வரலாம். விமானத்தில் வந்ததை மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.