டர்பன் வளாகங்களில் மழைத்தோட்டம் அமைக்கும் முறை

2022 ஏப்ரலில் டர்பனைத் தாக்கிய பெருவெள்ளத்தைக் கண்டவர்களுக்கு, கூரைகளிலிருந்தும் வாகன நிறுத்துமிடங்களிலிருந்தும் ஒருசேரப் பாயும் மழைநீரின் வலிமையை விளக்க வேண்டியதில்லை. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகம் போன்ற மேட்டுப்பாங்கான இடங்களில், அந்நீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் மழைத்தோட்டத்தை, நிர்வாகத்தின் அனுமதியுடன் மாணவர்களே அமைக்கலாம்.

ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் சேரும். எனவே 200 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை 5,000 லிட்டராகும். 20 சதுர மீட்டர் பரப்பும் 15 செ.மீ. ஆழமும் உள்ள பள்ளம் அதில் 3,000 லிட்டரைத் தாங்கும். எஞ்சியது மண்ணை அரிக்காமல் வெளியேறக் கல் பதித்த வழி ஒன்று தேவை.

வெட்டுவதற்கு முன் மண்ணைச் சோதிப்பதே மிக முக்கியம் என்பேன். 30 செ.மீ. ஆழக் குழியை நீரால் நிரப்பி, அது வடிந்தபின் மீண்டும் நிரப்புங்கள். 24 மணி நேரத்துக்குள் வடியாவிட்டால் அவ்விடம் ஆகாது, ஏனெனில் தேங்கும் நீரில் கொசு பெருகும். செங்குத்தான சரிவுகளையும், கட்டடச் சுவரிலிருந்து 3 மீட்டருக்குள் உள்ள நிலத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

ஈரத்தையும் வறட்சியையும் தாங்கும் உள்நாட்டுச் செடிகளையே நடுங்கள். மலைவேம்பு (Melia azedarach) நமக்குப் பழகிய மரமே. ஆயினும் தென்னாப்பிரிக்காவில் அது ஆக்கிரமிப்பு அயல் இனமாகப் பட்டியலிடப்பட்டிருப்பதால் வேண்டாம். கோடை மழைக்காலம் முழுவதும், ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் நீர் நுழையும் வாயில் சேரும் வண்டலை அகற்றுங்கள்.