கடல்நீர்த் தொட்டியில் பாசி: டெல்டா வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெரைன் டேங்கில் பாசி படர்ந்ததும் பலருக்கும் முதலில் கை போவது பாசிக்கொல்லி பாட்டிலுக்குத்தான். அப்புறம் கடைக்காரர் சொல்லும் நத்தை, அதற்கப்புறம் யூடியூப். அந்தப் பாசி எதைத் தின்று வளர்கிறது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. நைட்ரேட், பாஸ்பேட், வெளிச்சம், இந்த மூன்றும் கிடைத்தால் பாசிக்குப் போதும். டெல்டாக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வயலில் யூரியா போட்டால் நெல்லோடு களையும் சேர்ந்துதானே எழும்புகிறது? தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகை பக்கத்துத் தொட்டிகளுக்குள் அந்த உரம் பல நேரம் நாம் ஊற்றும் தண்ணீரோடுதான் போகிறது. அதனால் தண்ணீரையே முதலில் பார்ப்போம்.

“வீட்டில் ஆர்ஓ இருக்கிறதே, போதாதா?” போதாது. குடிநீருக்கான ஆர்ஓ இயந்திரங்கள் பலவற்றில், ருசிக்காகச் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று இருக்கும். சிலவற்றில் தாதுக்களைச் சேர்க்கும் கேட்ரிட்ஜும் உண்டு. 20 லிட்டர் கேன் தண்ணீரையும் நம்ப முடியாது. ஆர்ஓ தண்ணீர் மறுபடி டிஐ ரெசின் (மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகள்) வழியாக இறங்கி, கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்ட வேண்டும். அந்த 0-வையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ரெசின் தீரப்போகும் நேரத்தில் சிலிக்கேட்தான் முதலில் நழுவி வரும், அதை மீட்டர் சரியாகக் காட்டாது. பழுப்புப் பொடிபோல் படியும் பாசிக்கு அதுதான் தீனி. நாள்பட்ட தொட்டியில் திடீரென்று அந்தப் பொடி படிந்தால் ரெசினை மாற்றிப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டும்போது நடக்கிறது. தொட்டிக்கான கடல் உப்பைக் கலக்க நல்ல தண்ணீர் வாங்குகிறவர்கள்கூட, தினமும் குறைவதற்குப் போர்த் தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றிவிடுகிறார்கள். சித்திரை, வைகாசியில் தொட்டியைக் குளிர்விக்க ஃபேன் வைத்தால் ஆவியாவது இன்னும் கூடும். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர் மட்டும்தான். அதில் கரைந்திருந்தது எல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 லிட்டர் தொட்டி, தினம் 2 லிட்டர், அந்தப் போர்த் தண்ணீரில் நைட்ரேட் 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) என்றால், ஒரு நாளைக்கு 0.2 பிபிஎம் ஏறுகிறது. 30 நாளில் 6 பிபிஎம். மீனுக்கு ஒரு துகள்கூடத் தீனி போடாமலே இவ்வளவு! வயல்வெளிக்கு நடுவே போர் போட்டிருந்தால் அந்தத் தண்ணீரை ஒருமுறையாவது டெஸ்ட் கிட்டில் பார்த்துவிடுவது நல்லது. ஈடுகட்ட உப்பில்லாத டிஐ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பளவு ஏறிக்கொண்டே போகும்.

கடல்தான் பக்கத்தில் இருக்கிறதே, தரங்கம்பாடியிலோ பூம்புகாரிலோ நாலு கேன் மொண்டு வந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே, எப்போது மொள்ளுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆறும் வாய்க்காலும் கடலில் சேரும் முகத்துவாரத்தில் எடுத்தால் வயல் உரம், ஊர்ச் சாக்கடை, இறால் பண்ணைக் கழிவு என எல்லாமும் கேனில் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் கடலில் இறங்கும் நாட்களில் கரையோரத்தில் உப்பளவும் சரிந்துவிடும். படகில் போகிறவர்களிடம் சொல்லி, கரையை விட்டுத் தள்ளி, கோடையில் எடுத்த தண்ணீர் பரவாயில்லை. அதையும் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, அதாவது 35 பிபிடி; ஒப்படர்த்தியில் 1.026 அருகே), வெளிச்சம் படாமல் மூடி வைத்துத் தெளியவிட்டு, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சோதித்த பிறகே ஊற்றுங்கள். என்னைக் கேட்டால் உப்புக் கலவைக்குச் செலவழிப்பதே மேல்.

அடுத்தது டெஸ்ட் கிட் காட்டும் எண்ணைத் தப்பாகப் படிப்பது. பாறை முழுக்கப் பச்சை முடிபோல் பாசி தொங்கும், கிட் நைட்ரேட் 0 என்று காட்டும். தண்ணீரில் இருந்ததைப் பாசி உறிஞ்சிவிட்டது, அவ்வளவுதான். இன்னும் சிலர் பயந்துபோய் நைட்ரேட், பாஸ்பேட் நீக்கிகளை அள்ளிப் போட்டு இரண்டையும் அடியோடு வறட்டிவிடுவார்கள். பவளம் வளர்க்கும் தொட்டியில் நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் இருப்பது நல்லது. சட்டென்று இறக்கினால் பவளம் வெளுக்கும். அது மட்டுமல்ல, சத்து சுத்தமாக இல்லாத தொட்டியில்தான் டைனோ என்கிற பழுப்புச் சளி வந்து உட்காரும். அதை விரட்டுவதோடு ஒப்பிட்டால் முடிப்பாசி எவ்வளவோ தேவலை.

எல்லாப் பாசிக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதும் நடக்கிறது. புதுத் தொட்டியில் முதல் சில வாரம் வரும் பழுப்புப் பொடி டயாட்டம். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். அதைப் பார்த்துத் தொட்டியைக் கலைத்து மறுபடி தொடங்கினால் மறுபடி அதுவேதான் வரும். மணல்மேல் போர்வையாய்ப் படரும் கருஞ்சிவப்புச் சளி பாசியே அல்ல, சயனோ பாக்டீரியா. எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் போட்டால் செத்துவிடும், உண்மைதான். ஆனால் அது அழுகும்போது ஆக்சிஜன் குறைந்து மீன் மேலே வந்து வாய் பிளக்கும். முதலில் சைஃபன் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, நீரோட்டத்தைக் கூட்டிப் பாருங்கள்.

முடிப்பாசியைக் கையால் பிடுங்குவதுதான் பலன் தருகிற வழி. பழைய டூத்பிரஷை சைஃபன் குழாயோடு கட்டித் தேய்த்தால், உதிர்வது உதிர உதிர வெளியே போய்விடும். தொட்டிக்குள்ளேயே உதிர விட்டால் அங்கங்கே ஒட்டி மறுபடி முளைக்கும். நத்தையை நீளமான பாசிமேல் விட்டால் பெரும்பாலும் தொடாது. பிடுங்கிய பிறகு மிச்சமிருக்கும் குட்டைப் பாசியைத்தான் மேயும். மொத்தமாய் ஐம்பது வாங்கி விட்டால் தீனி தீர்ந்து செத்து, அதுவே உரமாகிவிடும்.

விளக்கு 8 மணி நேரம் போதும், டைமர் போட்டுவிடுங்கள். ஜன்னல் வெயில் தொட்டியில் விழக் கூடாது.

தீனிக்கு மீன் மார்க்கெட் இறாலை நறுக்கிப் போடுகிறவர்கள் அந்தச் சாற்றையும் சேர்த்து ஊற்றுவதை நிறுத்த வேண்டும். உறைந்த தீனியானாலும் வடிகட்டியில் அலசிவிட்டுப் போடுங்கள்.

மின்வெட்டையும் கணக்கில் வைக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப் பம்பு நின்றால் பாறை இடுக்கில் உள்ள சிறு உயிர்கள் செத்து அழுகி உரமாகும். அதன் விளைவு பாசியாகத் தெரிய சில வாரம் ஆகும் என்பதால் யாரும் அந்த மின்வெட்டைச் சந்தேகிப்பதில்லை. பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். கரண்டு வந்ததும் தண்ணீரைக் கொஞ்சம் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, கடலோரத்தில் யாரோ கொடுத்த பவளக் கல்லைத் தொட்டியில் வைப்பது. செத்த பவளக் கல் பல நேரம் பாஸ்பேட்டை மெல்லக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அதோடு, பாறை கட்டும் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் வைத்திருப்பது குற்றம். தொட்டிக்கென்றே செய்து விற்கும் செயற்கைப் பாறையை வாங்கி, டிஐ தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரின் பாஸ்பேட்டைப் பார்த்துவிட்டு உள்ளே வையுங்கள்.