வசனம் மட்டும் கேட்கவில்லை: டிவிடியை எம்பி4 ஆக்கிய அனுபவம்

அம்மாவின் பழைய பட டிவிடிகளை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றினேன். படம் தெளிவாக வந்தது. ஆனால் டேப்லெட்டில் பாட்டு அதிர, வசனம் முணுமுணுப்பாகக் கேட்டது. மறுபடி மாற்றினாலும் அதேதான்.

காரணம் 5.1 ஒலி, அதாவது ஆறு சேனலாகப் பிரித்த ஒலி. அதில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும். ஆறு சேனலை இரண்டாகச் சுருக்கும்போது இசை அதை அமுக்கிவிடுகிறது.

அப்புறம் ஆடியோ பகுதியில் இரண்டு டிராக் வைத்தேன். முதலாவது டேப்லெட்டுக்காக, ஏஏசி என்ற ஒலி வடிவில் இரண்டு சேனல் ஸ்டீரியோ, 160 கேபிபிஎஸ். அதில் டிஆர்சி மதிப்பை 2.5 ஆக்கினேன், அதிக சத்தத்தை அடக்கி மெல்லிய ஒலியைத் தூக்கும் அமைப்பு அது. இரண்டாவது ஏசி3 (டிவிடியில் இருந்த ஒலி வடிவம்) பாஸ்த்ரூ, ஹோம் தியேட்டருக்காக. பாஸ்த்ரூ டிராக்கில் டிஆர்சி வேலை செய்யாது, அது மூல ஒலியை அப்படியே நகலெடுக்கும்.

முழுப் படத்தையும் மாற்றும் முன் ஒரு சாப்டரை மட்டும் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். எனக்கு அது தெரியாமல் ஒரு ராத்திரி போனது.